கழுத்தளவுக் கல்

என் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு சும்மாடு தொங்குகிறது. தலையில் சுமை ஏற்றும்போது உச்சந்தலை நோகாமல் இருக்கப் பழந்துணியைத் திரித்து வட்டமாகச் சுற்றி வைத்துக்கொள்வார்களே, அதுதான். அரக்குச் சிவப்புச் சுங்குடிச் சேலையைக் கிழித்துத் திரித்தது. இப்போது அந்தச் சிவப்பு வெளிறிச் செங்கல்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. உள்வட்டம் மட்டும் தலை எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. மகள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம், "இந்தக் கந்தலத் தூக்கிப் போடக்கூடாதாம்மா, பல்லி முட்டை போடுது" என்பாள். பல்லி போட்டுவிட்டுப் போகட்டும். அது என் அம்மாவின் சும்மாடு. கிழித்த சேலை என் அக்காவுடையது.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அய்யா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எங்கள் கரிசல் காட்டுக்கு அம்மாவும் அக்காவும்தான் இரண்டு ஆள். பருத்தி மூட்டை, சோளத்தட்டை, ஊற்றுத் தண்ணீர் எல்லாம் அக்கா தலையில்தான் வீடு வந்து சேரும். நான் சிலேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். ஒரு தடவை நானும் ஒரு சின்னக் கட்டைத் தலையில் வைக்கப் போனபோது அக்கா பிடுங்கிக்கொண்டாள். "நீ படிக்கிறவ. உன் தலையில எழுத்து நிக்கட்டும், செமை எதுக்கு?" என்றாள். அப்படியே அவள் சுமந்தாள், நான் படித்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலையில் சேர்கிற நாள்வரைக்கும் என் தலையில் ஒரு குடம் தண்ணீர்கூட ஏறியதில்லை. அதை அந்தக் காலத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டே திரிந்த வாயை இப்போது என்ன செய்வது!

அக்காவைத் திருச்சுழி ரோட்டுக்கு மேற்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்கள் ஊர் ரோட்டுக்குக் கிழக்கே இரண்டு மைல். இரண்டு ஊருக்கும் பொதுவாக, ஊர்ப்பாதைகள் பிரிகிற இடத்தில் ரோட்டில் ஒரு விலக்கு. அருப்புக்கோட்டை பஸ் அங்கேதான் நிற்கும். அறுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். எங்கள் பக்கம் மழை பெய்தாலே அதிசயம். அந்த வருஷம் பார்த்து அடித்து ஊற்றியது. அக்காவுக்கு நிறைமாதம். வலி கண்டு ஒரு பகல் முழுக்கப் பிள்ளை இறங்கவில்லை. மச்சான் மாட்டுவண்டி கட்டி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். விலக்குக்கு வந்தால், கண்மாய் நிறைந்து மறுகால் தண்ணீர் ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் வடியட்டும் என்று விலக்கு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். வடிவதற்குள் அக்கா போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் வயிற்றோடு போனது.

எங்கள் பக்கத்தில் அப்படிப் போகிற பெண்ணுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெற்று இறக்காத சுமையோடு போனவள் போன இடத்திலும் அந்தச் சுமையோடேயே நிற்பாள் என்பார்கள். அதனால் அவள் பேரைச் சொல்லி வழியோரத்தில் ஒரு சுமைதாங்கி நடுவார்கள். நெட்டுக்கு இரண்டு கல், அதன்மேல் படுக்கையாக ஒரு கல், அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிற ஆள் அதில் சுமையை இறக்கிவைத்து, மூச்சு வாங்கிப் போகலாம். ஒவ்வொருவர் அங்கே சுமையை இறக்கும்போதும் செத்தவளுக்குக் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை. புதைத்த இடத்தில் அவளுக்கு அடையாளம் இருக்காது. வழியோரத்துக் கல்தான் அடையாளம். அதில் பேரும் இருக்காது. இன்னார் மகளுக்கு நட்டது என்று ஊருக்குத் தெரியும். வழிப்போக்கனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பதினாறு கழிந்ததும் அம்மா சொன்னாள்: "எம்மக வண்டியில கெடந்த எடத்துல ஒரு கல்லு நட்டுருங்க. வாரவுக போறவுக எறக்கி வைக்கட்டும்." அவள் கேட்டது அது ஒன்றுதான். மச்சானும் சரி என்றார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

நான் அப்போது தினமும் அருப்புக்கோட்டைச் சுடுகாட்டு ஓரமாக நடந்து பள்ளிக்கூடம் போகிறவள். அங்கே நெசவுக்காரர்கள் சிலர் புதைக்கிற பகுதியில் சிமெண்டு சமாதிகள் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பழையவை மண்மேடும் தலைமாட்டில் ஒரு கல்லும், விளக்கு வைக்க ஒரு சின்ன மாடமுமாக இருக்கும். மிஞ்சினால் ஒரு துளசிச் செடி. புதியவை அப்படியில்லை. தாமரை மொட்டு, கலசம், சங்கு சக்கரம், தோகை விரித்த மயில் என்று வண்ணம் பூசி நிற்கும். தறிக்காரர் ஒருவர் சமாதிமேல், தறியில் குறுக்கே ஓடுகிற தறிநாடாவைச் சிமெண்டிலேயே செய்து வைத்திருந்தார்கள், உள்ளே நூல்கண்டு உட்பட. சுமங்கலியாகப் போன ஒரு அம்மாவுக்கு இரண்டு கை வளையலும் குங்குமச் சிமிழும். எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு பொருமல். இவர்களுக்கெல்லாம் பேர் இருக்கும்போது, என்னைப் படிக்க வைத்த அக்காவுக்கு மூன்று மொட்டைக் கல்லா? எவளோ விறகுக்கட்டையும் எருக்கூடையையும் இறக்கிவைக்கவா என் அக்கா செத்தாள்? இதை அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டேன், அழுதுகொண்டே. அம்மா, "படிச்சவ நீ சொல்ற. சரி தாயி, உம்பிரியம்" என்றாள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

டவுனில் சமாதி கட்டுகிற கொத்தனார் ஒருவரையே கூட்டிவந்தேன். அம்மாவின் மனதுக்காகச் சுமைதாங்கி வடிவம் இருக்கட்டும், ஆனால் சிமெண்டில் அழகாக இருக்கட்டும் என்றேன். அவர் கைதேர்ந்த வேலைக்காரர். இதழ் விரித்த தாமரைப் பீடம் ஒன்று, அதன்மேல் இரண்டு தூண், தூணுக்கொரு கிளி, குறுக்கே மழமழவென்று தேய்த்த பலகை, பலகையின் முகப்பில் ஒரு சின்னத் தொட்டில். பீடத்தின் முகத்தில் அக்கா பேர். அந்த எழுத்தை நானே சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக்கொடுத்தேன். ஈரச் சிமெண்டில் அவர் அதன்மேலேயே கீறினார். என் எழுத்து அழகாக இருக்கும். வேலையைத் தொடங்குமுன் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"டீச்சரம்மா, பலக தரையிலருந்து எம்புட்டு ஒசரத்துல வரணும்? செமதாங்கின்னா கழுத்தளவுதேன் வைக்கிறது. இந்தப் பீடத்தோட சேத்தா ரொம்ப ஏறிப்போகும். பீடத்த வேணாக் கொறச்சுக்கிருவமா?"

"ஏறட்டும் கொத்தனாரே. பஸ்ஸுல போறவுக கண்ணுக்குத் தெரியணும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். சுமைதாங்கி ஏன் கழுத்தளவில் இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. சுமந்தவளுக்குத் தெரியும். கூட ஆள் இல்லாமல் தனியாக வருகிறவள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தலையைச் சரித்தால் சுமை தானாகக் கல்லில் போய் உட்காரும். கிளம்பும்போது அடியில் தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் தானாக ஏறிக்கொள்ளும். ஒருத்தர் கையை எதிர்பார்க்க வேண்டாம். அதற்காகத்தான் அந்த அளவு. என் தலைதான் சுமை அறியாத தலையாயிற்றே. நான் சொன்ன உயரத்தில் பலகை, ஒரு ஆண்பிள்ளையின் உச்சந்தலைக்கும் சற்று மேலே போய் நின்றது.

கல் திறக்கிற அன்றைக்கு அதில் முதல் சுமையை இறக்குவது பெற்ற தாயாக இருக்கவேண்டும் என்பது முறை. அம்மா விறகுக்குக் காயவைத்த ஒரு பருத்திமார்க் கட்டோடு எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைலும் நடந்தே வந்தாள். தலையில் அந்தச் சிவப்புச் சும்மாடு. அக்கா கட்டிப் பழசாக்கிய சேலையை அதற்காகவே கிழித்துத் திரித்திருந்தாள். கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையாலும் கட்டைத் தூக்கினாள். எட்டவில்லை. ஒரு காலைத் தாமரை இதழ்மேல் வைத்து எம்பிப் பார்த்தாள். சரிவான இதழ், கால் வழுக்கியது. மச்சான் ஓடிவந்து, "அத்த, இங்கிட்டுக் குடுங்க" என்று கட்டை வாங்கி ஒரே தூக்கில் பலகைமேல் வைத்தார். கூடியிருந்தவர்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். அம்மாவின் இரண்டு கையும் கொஞ்சநேரம் மேலேயே நின்றது; பிறகு இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும், "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். பாராட்டு கேட்கிற புத்தி.

"நல்லாத்தேன் இருக்கு தாயி. பஸ்ஸுல போறவுகளுக்கெல்லாம் தெரியும்" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. உண்மையாகவே பாராட்டினாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பஸ் விலக்கைத் தாண்டும்போது பக்கத்தில் இருப்பவர்கள், "இது யாருக்குக் கட்டுனதுங்க, அம்சமா இருக்கே" என்று கேட்பார்கள். என் அக்காவுக்கு என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறையும். ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சிலர் தூணுக்கு மஞ்சள் பூசினார்கள். ஒரு சுமையும் அதில் இறங்கவில்லை. அது என் கண்ணில் படவே இல்லை.

தலைத்திவசத்துக்கு முந்தின நாள் வெள்ளையடித்துக் கிளிக்குப் பச்சை பூசலாம் என்று மச்சானும் நானும் அம்மாவும் போனோம். பீடத்தை ஒட்டிக் காட்டுக்கல்லும் உடைந்த செங்கல்லுமாக ஒரு குவியல் கிடந்தது. தாமரை இதழே தெரியவில்லை. எனக்கு வந்ததே கோபம். "எந்தக் கூறுகெட்ட மூதேவி இங்க குப்பையக் கொட்டுனது? ஆடு மேய்க்கிறவனுக வேலையாத்தேன் இருக்கும்" என்று வைதுகொண்டே ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பள்ளத்தில் எறிந்தேன். அம்மா சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கெடக்கட்டுமே தாயி, அது என்ன செய்யுது?" என்றாள். "அசிங்கமா இருக்கும்மா" என்றேன். பிறகு அவளும் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கல்லை எடுத்துப் பள்ளத்தில் போட்டாள். அடுத்த வருஷமும் குவியல் இருந்தது, கொஞ்சம் சின்னதாக. அதையும் நான் எடுத்தெறிந்தேன். அதற்கடுத்த வருஷம் குவியல் இல்லை. என் வசவுக்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, பந்தல்குடிப் பக்கம் மாற்றலாகிப் போனேன். எழுபதுகளின் நடுவில் அம்மா இறந்தாள். துட்டி கேட்க வந்தவர்களில், அக்கா ஊரிலிருந்து திருச்சுழிச் சந்தைக்கு விறகு சுமக்கிற ஒரு பெண் இருந்தாள். வயதில் எனக்கு மூத்தவள். கட்டிப்பிடித்து அழுது முடித்து, கொல்லைப்பக்கம் முகம் கழுவ வந்த இடத்தில் பேச்சுக் கொடுத்தாள்.

"இனிமே அந்தக் கல்லுல எங்க செமைய யாரு எறக்குவாக, டீச்சரு?"

எனக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாய் என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா? சந்தைக்கெழம தவறாம ஒங்கம்மா விலக்குக்கு வந்துருவாகள்ல. முந்தி கல்லடுக்கி வச்சு அதுல ஏறி நின்னு அவுக செமைய அவுகளே எறக்கிப் பாத்தாக. எங்களயும் ஏறி எறக்கச் சொல்லுவாக. யாரோ எடுத்துப் போட்டுட்டாகன்னு சொன்னாக. அதுக்கப்புறம் அவுகளே நின்னு, வாரவ போறவ செமைய ஆளுக்கொரு கையாப் புடிச்சுத் தூக்கி மேல வச்சு, திரும்ப எறக்கி விடுவாக. 'ஒரு நிமிசம் எறக்கிட்டுப் போங்கம்மா, எம்மக நிக்கா'ன்னு கெஞ்சுவாக. சில பேரு நேரமாச்சுன்னு நிக்காமப் போயிருவாளுக. ஆளு வச்சு எறக்குற கல்லு இந்தச் சீமையிலயே இது ஒண்ணுதேன்."

அந்தக் கற்களை எடுத்துப் போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அம்மா" என்றேன்.

"நாங் கேட்டேன். சின்ன மகட்டச் சொல்லி ஒசரத்தக் கொறைக்கச் சொல்லப்படாதான்னேன். 'அவ அக்கா மேல உள்ள ஆசையில கட்டுனது. சொன்னா அந்தப் புள்ள தாங்காது. ஒருத்திய அழ விட்டது போதாதா'ன்னுட்டாக."

அன்றைக்கு நான் அழுத அழுகையை ஊர் அம்மாவுக்கான அழுகை என்று நினைத்தது. பத்து வருஷம் என் தாய் வாரம் தவறாமல் நடுரோட்டில் நின்று, கண்டவர்களிடமெல்லாம் சுமையை இறக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். என் மனது நோகக்கூடாது என்று என்னிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திருஷ்டி கழித்த பூசணிக்காயை எறிகிறமாதிரி அந்தக் கற்களை எறிந்தேனே! அவளும் இரண்டு கல்லை எடுத்துப் போட்டாளே, அப்போது அவள் முகத்தை நான் ஏன் பார்க்கவில்லை? பெற்றவளிடம் சண்டை போட்டு ஜெயித்தவள் நான். எனக்கு எதற்கு அவள் முகம்.

கருமாதி முடிந்ததும் மச்சானிடம் போய் அழுதேன். அவர் அதற்குள் மறு கல்யாணம் செய்து மூன்று பிள்ளைக்காரர். ஆனாலும் அக்கா காரியம் என்றால் முன்னால் நிற்பார். பீடத்தை உடைத்துக் கல்லை இறக்கிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, தூணும் பீடமும் ஒரே வார்ப்பு, உடைத்தால் மொத்தமும் சிதறிப்போகும் என்று கையை விரித்தார். பக்கத்தில் மூன்று சாதாரணக் கல்லைப் புதிதாக நட்டுவிடலாம் என்றார் மச்சான். நான் லீவு போட்டு வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடம், பிள்ளைக்குக் காய்ச்சல், பரீட்சை என்று அது தள்ளித் தள்ளிப் போனது. சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் போய் நிற்கப் பயம்.

இரண்டு வருஷம் கழித்துப் போனபோது ரோடு மாறியிருந்தது. அக்காவை மறித்த அதே மறுகால் தண்ணீர் மறுபடியும் ஒரு மழையில் ரோட்டை அறுக்க, இந்தத் தடவை மண்ணடித்து ரோட்டையே தூக்கி, கல்பாலம் கட்டித் தார் போட்டுவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினேன். தாமரைப் பீடம் மண்ணுக்குள் போயிருந்தது. நான் எழுதிய பேரும் போயிருந்தது. தூணில் கிளிக்குத் தலை மட்டும் மண்ணுக்குமேல் இருந்தது. கிட்டே போய் நின்றேன். பலகை சரியாக என் கழுத்தளவில் இருந்தது. அம்மாவும் என் உயரம்தான்.

அன்றைக்கு அங்கே அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு தலைச்சுமைகூட அந்த வழி வரவில்லை. சந்தைக்குப் போகிற மூட்டைகள் பஸ்ஸின் கூரைமேல் போயின. கரிமூட்டை லாரியில் லோடு லோடாகப் போனது. சுமந்து திரிந்த பெண்களின் கழுத்து தப்பித்ததற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கல் எட்டாத காலத்தில் சுமை வந்தது, கல் எட்டுகிற காலத்தில் சுமை வரவில்லை. நடுவில் என் அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அந்த ரோட்டுக்கு எத்தனையோ தடவை தார் போட்டுவிட்டார்கள். போன மாதம் மச்சான் இறந்ததற்குப் போயிருந்தேன். பலகை இப்போது இடுப்பளவு. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதில் உட்காருகிறார்கள். அருப்புக்கோட்டைச் சுடுகாட்டையும் போகிறபோக்கில் பார்த்தேன். மயிலும் தறிநாடாவும் காரை பெயர்ந்து கிடக்கின்றன. புதிதாக வருவதெல்லாம் குளியலறை ஓடு பதித்தவை, இல்லையென்றால் பளபளக்கும் கறுப்புக் கல்லில் செத்தவர் முகத்தையே மெஷினால் வரைந்தவை. முகம், பேர், பட்டம், பதவி எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கு நான் ஆசைப்பட்டதும் இதைத்தான். யாரைக் குறை சொல்ல?

மச்சான் வீட்டுக்குக் கிளம்பும்போது இந்தச் சும்மாட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். விலக்கில் கல்மேல் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் எடுத்துப் பலகைமேல் வைத்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி ரேஷன் அரிசிப் பையை அதன் அருகில் தொப்பென்று வைத்து, சிவந்த விரலை உதறிக்கொண்டு, "அப்பாடா!" என்றாள். கல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அக்காவுக்கு அன்றைக்கு ஒரு பை இறங்கியது. அந்தமட்டும் போதும்.

பஸ் வந்தது. கைப்பையை எடுத்தேன். கூடவே கை சும்மாட்டையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு வந்து அதைப் பழைய ஆணியில் மாட்டுவதைப் பார்த்து, ஊரிலிருந்து வந்திருந்த மகள், "அங்கேயே வச்சிட்டு வாரேன்னுதானே எடுத்துட்டுப் போன?" என்றாள்.

"செமைய எறக்குனாத்தானடி சும்மாட்ட எடுக்க முடியும்" என்றேன். "எங்கம்மா எறக்கவே இல்லையே."